ஆறாவது கையெழுத்து

அக்டோபர் 14, 2000

அன்புள்ள ஜோலீனுக்கு,

வில்மா எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். நீயும் பையனும் அந்த வெயிலூரில் சுகமாக இருக்க வேண்டும். உன் அக்கா டீனாவை மளிகைக் கடையில் பார்த்தபோது உன் முகவரி கேட்டேன். கையிலிருந்த ஆப்பிள் பையைக் கீழே வைத்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தாள். நீ இந்த உறையைப் பிரிப்பாயோ மாட்டாயோ தெரியாது. பிரித்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் சலவைக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. ஏரிக்கரையில் இன்னும் இரண்டு ஓட்டல்கள் வந்துவிட்டன, விரிப்புகள் மலையாகக் குவிகின்றன. மடிக்கும் மேசையில் உன் இடத்தில் ட்ரினா என்று ஒரு பெண் நிற்கிறாள். எலாஸ்டிக் வைத்த விரிப்பைக் கொடுத்தால் பந்தாகச் சுருட்டி வைப்பாள். நல்ல பெண். போன வருடம் தேய்ப்பு இயந்திரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, டாக்டரிடம் போகாமல், துணியைச் சுற்றிக்கொண்டே மூன்று வாரம் வேலை செய்தாள். நானும் ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி மருத்துவக் காப்பீட்டை நிறுத்தினாரே, அந்த வருடத்திலிருந்து இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இந்த வசந்த காலத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து டெலோரஸ் என்று ஒரு அம்மா வந்தார். எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்காகவே ஒரு புதுத் திட்டமாம். கட்டணத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு முதலாளி, ஒரு பங்கு நாங்கள், ஒரு பங்கு மாவட்டம். என் குணம்தான் உனக்குத் தெரியுமே, விடுவேனா? பல் வலிக்கு உண்டா, வேலை போனால் என்ன ஆகும், எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று துளைத்து எடுத்துவிட்டேன். “வில்மாவை விட்டா அந்தம்மா செருப்பு எத்தன நம்பர்னுகூட கேட்டுருவா” என்று முதலாளி கெரிட் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வேலை செய்கிற எட்டுப் பேரில் ஆறு பேராவது சேர்ந்தால்தான் கடைக்கே திட்டம் கிடைக்கும். ஐந்து பேர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம். இரண்டு பேர் கோடை முடிந்ததும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், அவர்களுக்கு அக்கறை இல்லை. மிச்சம் இருந்தது வேன் ஓட்டுகிற ஹார்லன் மட்டும். அவர் தாளைத் தொடக்கூட இல்லை. “எனக்கு வேணாம், ஆள விடுங்க” என்று சொல்லிவிட்டு, ரொட்டியை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவருக்காக எங்களுக்கு இரண்டு வாரம் கெடு கொடுத்தார் டெலோரஸ். மனிதருக்குக் கஞ்சத்தனம் என்றார் முதலாளி. ஊசி என்றால் பயமாக இருக்கும் என்றாள் ட்ரினா. ஐம்பத்தெட்டு வயது மனிதர், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவி செய்கிறவர், எங்கள் ஐந்து பேரையும் ஏன் தடுத்து நிறுத்துகிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒரு வியாழக்கிழமை, ஓட்டல்களில் தலையணை உறைகள் தொலைகின்றன, நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி வேனில் ஏறினேன். “உளவு பாக்க வந்தியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன்.

பதினோரு மைல் தூரத்துக்குள் மூன்று முறை வண்டியை நிறுத்தினார். பெட்ரோல் நிலையத்தில் ஒரு முறை, ஓட்டலில் ஒரு முறை, அப்புறம் சாலையோர மரங்களுக்குப் பின்னால். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நான் நேராகவே கேட்டுவிட்டேன். வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். குளிர்காலத்திலிருந்தே சிறுநீரில் ரத்தம் போகிறது என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. “அப்போ நீங்கதானய்யா முதல் ஆளா கையெழுத்துப் போடணும்!” என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போட்டா என்ன ஆகும்? என் செலவப் பாத்துட்டு அடுத்த வருஷம் விலைய ஏத்துவான். கெரிட் மறுபடியும் கைய விரிப்பாரு. அப்புறம் நீங்க எல்லாரும் என்னைப் பாப்பீங்க. ஜோலீன பாத்தீங்களே, அந்த மாதிரி.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. “அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே துணி மடிச்சா. மூட்டை தூக்க வந்தப்பல்லாம் பாத்தேன். நானும் ஒரு வார்த்தை சொல்லலியே.”

ஜோலீன், நடந்ததையெல்லாம் உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. எமெட் மூன்று மாதம் முன்னதாகப் பிறந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தனை வாரம் கிடந்தது, பிறகு எல்லோருக்கும் கட்டணத்தை ஏற்றி காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அன்று மதியம் சாப்பாட்டு அறையில், ஒரு குழந்தையால் எல்லோருக்கும் காப்பீடு போகப்போகிறது என்று நீ கேட்கும்படியாகவே ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தி நான்தான். நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் டெலோரஸுக்கு போன் செய்தேன். ஒருத்தருக்குப் பெரிய நோய் வந்தால் அந்தக் கடைக்கு மட்டும் விலை ஏறுமா என்று கேட்டேன். “இல்லம்மா. கடை கடையா பிரிச்சுப் பாக்கறதே இல்ல. மாவட்டத்துல சேந்த அத்தன கடையும் ஒரே கூட்டம்தான்” என்றார். நம்பாமல் இன்னொரு முறை கேட்டேன். பிறகு, முன்பு எங்களுக்கு மட்டும் ஏன் அப்படி ஏறியது என்று கேட்டேன். “அந்தக் கம்பெனி உங்க பத்துப் பேரை மட்டும் தனியா வெச்சு விலை போட்டிருக்கு. பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வந்தா ஏறத்தானே செய்யும்? கோளாறு விலை போட்ட விதத்துல. குழந்தை என்னம்மா பண்ணும்?”

அவர் போனை வைத்த பிறகும் நான் என் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஊரில் எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறவள், ஆறு வருடத்துக்கு முன்னால் இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நான் சொன்னதை ஹார்லன் நம்பவில்லை. டெலோரஸே வந்து அவரோடு வேனில் உட்கார்ந்து பேசினார். அவருக்கு என்ன உடம்பு என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது அவர் உள்ளே வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ட்ரினா கைதட்டினாள். ஏன் மனம் மாறினார் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூலையில் திட்டம் தொடங்கியது. முதல் வாரமே டாக்டரிடம் போனார். மூத்திரப்பையில் கட்டி. ஆகஸ்டில் நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்க வேண்டுமாம். திரும்பி வராது என்று டாக்டர் சொல்லவில்லை, வந்தால் உடனே கண்டுபிடிப்போம் என்றுதான் சொல்லியிருக்கிறார். இப்போது அரை நாள் வேன் ஓட்டுகிறார். மதியத்துக்கு மேல் முதலாளி ஓட்டுகிறார், ஒவ்வொரு ஓட்டலிலும் பின்வாசலைத் தேடி வழி தவறி நிற்கிறார்.

திரும்பி வந்த அன்று, சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று ஹார்லனே எல்லோரிடமும் சொன்னார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ட்ரினா தன் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட அப்பத்தில் பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளி, “உக்காருங்க, ஆறிடும்” என்றாள். அவர் உட்கார்ந்தார். மாதாமாதம் மாவட்டத்திலிருந்து உறை வரும்போது, “ஏறிடுச்சா?” என்று இப்போதும் முதலாளியிடம் கேட்கிறார். ஏறவில்லை.

அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு உன்னை உட்காரச் சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை.

எமெட்டுக்கு ஆறு வயது முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகிறான் என்றாள் டீனா. அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, உன்னிடம் கேட்கிறேன். எவ்வளவு உயரம் இருக்கிறான்? ஓடினால் மூச்சு வாங்குகிறதா? கண்ணாடி போட்டிருக்கிறானா? சாப்பிட அடம் பிடிப்பானா? எதைப் பார்த்தால் சிரிக்கிறான்? அவன் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை வாரமும், இரண்டு தெரு தள்ளி இருந்த நான் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை.

எனக்கு எழுத உனக்கு மனம் வராவிட்டால் எழுத வேண்டாம், ஜோலீன். ஒரு காகிதத்தில் அவன் கையை விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. கை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அது போதும்.

அவன் நெடுநாள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வில்மா