வேலிக்கதவுக்கு முட்டுக் கொடுத்த செங்கல்

என் அன்பு மாமா,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் சட்டைப்பையில் எப்போதும் கிடக்குமே அந்தக் காந்தம், அது இப்போது உங்கள் மருமகளின் கைப்பையில் இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள்.

நாச்சாரத்தில் நாம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, உங்கள் பிள்ளையின் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு வில்லா காலனிக்கு வந்துவிட்டோம். வாசலுக்கு எதிரே நீச்சல்குளம். அதைக் காட்டித்தான் வீட்டையே விற்றார்கள். சுற்றி ஒரு கயிறுகூடக் கிடையாது. உங்கள் பேரன் ஆதிக்கு மூன்றரை வயது, தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான். வந்த புதிதில் ஒரு நாள் காலை, அவன் செருப்பு ஒன்று குளத்தில் மிதந்தது. அவனோ கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு சிரிக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது மாமா.

அன்றைக்கே காலனிச் செயலாளரிடம் போய் நின்றேன். வேலி கட்டாயம் என்று தனக்குத் தெரிந்து எந்தச் சட்டமும் இல்லை என்றார். நான் விடவில்லை, கூட்டம் போட வைத்தேன். கண்ணாடி அழகு, விலை கட்டுப்படியாகாது. இரும்பு மலிவு, குளோரின் தண்ணீர் பட்டால் துரு. வலை போட்டால் ஜெயில் மாதிரி இருக்கும். இப்படியே மூன்று கூட்டம் ஓடியது. கடைசியில் துருப்பிடிக்காத ஸ்டீல் என்று முடிவானது. எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

வந்த காண்ட்ராக்டர் எதற்கெடுத்தாலும் "ஏமீ காது மேடம்" என்பார். ஒன்றும் ஆகாதாம்! முதலில் குறுக்குக் கம்பி வைத்த வேலியைக் கொண்டுவந்தார். பிள்ளை ஏறுவதற்கு ஏணியா செய்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். நாலடி உயரம், செங்குத்துக் கம்பி, குழந்தையின் தலை நுழையாத இடைவெளி, வெளிப்பக்கமாகத் திறந்து தானே மூடிக்கொள்ளும் கதவு, அவன் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் என்று இன்டர்நெட்டில் படித்து எழுதிக் கொடுத்தேன். நல்ல துருப்பிடிக்காத ஸ்டீலில் காந்தம் ஒட்டாது என்பீர்களே, வேலி வந்ததும் உங்கள் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். மூன்று தூண்களில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. வெல்டிங் வைத்த இடத்தில் ஒட்டும் என்றார். தூணின் நட்ட நடுவில் ஏது வெல்டிங்? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்.

"நீ அப்படியே எங்கப்பா மாதிரி ஆயிட்டே" என்று உங்கள் பிள்ளைக்கு ஒரே கேலி.

மே மாத வெயில் வந்தது. ஒரு மத்தியானம் பார்க்கிறேன், கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, அடியில் ஒரு செங்கல். தூக்கி எறிந்தேன். இரண்டு நாளில் மறுபடியும் செங்கல். வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினேன். தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. கதவை மூடும் ஸ்பிரிங் போய்விட்டதை மறைக்கக் காண்ட்ராக்டர் செய்த வேலையோ? அவரையும் போனில் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே காவல் காத்தேன். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் கைக்குட்டையைச் சுற்றித் தாழ்ப்பாளைத் தூக்கி, பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து காலாலேயே செங்கல்லைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? உங்கள் பிள்ளைதான் மாமா!

நான் வாயைத் திறப்பதற்குள் ஆதி வாசல்படி இறங்கி, அந்தத் திறந்த கதவுக்குள் போய்க்கொண்டிருந்தான். போட்டது போட்டபடி ஓடினேன். குளத்தின் விளிம்பில் குந்தித் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும், "அம்மா, நா செப்பு அக்கட" என்றான். தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பேசுவான். என் செருப்பு அங்கே இருக்கிறது என்கிறான். என்றைக்கோ எடுத்துவிட்ட செருப்பை இன்னும் தேடுகிறான். அவன் அப்பா நாலடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் நல்லா கிடைக்குதுன்னு இங்க வருவேன், தாழ்ப்பாள் நெருப்பா சுடுது கௌரி. அஞ்சு நிமிஷம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

காண்ட்ராக்டர் சொன்ன அதே வார்த்தை. நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு இரண்டு பேரும் அந்தச் சுடுதரையிலேயே உட்கார்ந்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதோம். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். தாழ்ப்பாளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டேன், இப்போது சுடுவதில்லை.

உங்களிடமும் கேட்க வேண்டும் மாமா. சமையல் முடித்து நான் காஸை மூடிவிட்டு வந்ததும், நீங்கள் போய் ஒரு தடவை திருகிப் பார்ப்பீர்கள். என்னை நம்பவில்லை என்று எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்! "சந்தேகப் பிராணி" என்று என் அம்மாவிடம் போனில் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? "நக்கோம்மா, வேணாம்மா, கோவிச்சுக்காதே. நானே மூடினாலும் நான் இன்னொரு தடவை பாப்பேன்" என்றீர்கள். அதைச் சமாளிப்பு என்று ஏன் நினைத்தேன்?

நேற்று வேலிக்கதவை நானே மூடிவிட்டுப் பத்தடி நடந்தேன். கால் நின்றுவிட்டது. திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஆதி நீந்தக் கற்றுக்கொண்ட பிறகும் இழுத்துப் பார்ப்பேன் மாமா. மூடியது யாராக இருந்தாலும் சரி, நானாகவே இருந்தாலும் சரி. இது சத்தியம்.

உங்கள் காந்தத்தை வைத்திருக்கும்
சந்தேகப் பிராணி மருமகள்,
கௌரி