அத்தை கொடுத்த நற்சான்று

முதலமடை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் செல்வப்பிரியாவுக்கு அப்பா சென்னிமலை எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பி பூபதிராஜாவும் மாடுகளும் மாமரங்களும் இங்கே சுகம். கவுகாத்திக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன். நம் குடும்பம் கூடி ஒரு முக்கியமான முடிவை எடுத்திருக்கிறது, அதை முதலில் உனக்குத் தெரிவித்துவிட வேண்டும். உன் வேலை உறுதியானதற்காகத் தெருவுக்குக் கொடுக்கப்பட்ட இனிப்பு லட்டு அல்ல, மைசூர்பாகு. இது எளிதில் எட்டிய முடிவு அல்ல. அம்மா லட்டின் பக்கம் உறுதியாக நின்றாள். பூபதி கேக் வெட்ட வேண்டும் என்றான், அவன் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. லட்டு வழியில் உதிரும், உதிர்ந்தால் சிறிய லட்டாகப் பார்த்துக் கொடுத்துவிட்டோம் என்று தெரு பேசும் என்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகு அம்மா தன் நிலையை மறுபரிசீலனை செய்தாள். நெய் ஒழுகும் வகை வேண்டாம், கடித்தால் சத்தம் வரும் வகையே நல்லது, அதையும் பொள்ளாச்சிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. திரும்பும் வழியில் மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். இவ்வளவு இனிப்பு எதற்கு என்று கேட்ட அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும். மகளுக்கு மத்திய அரசில் வேலை உறுதியாகிவிட்டது என்றேன். என்ன வேலை என்றார். நீ சொல்லிக்கொடுத்தபடியே ஆபீஸ் வேலை என்றேன். ஃபேன் உண்டோ, ஏசியோ என்று கேட்டு வாழ்த்தி அனுப்பினார்.

போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் கரண்டு போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்டு போனால் செல்போன் ஏன் நிற்க வேண்டும் என்று நீ யோசித்திருப்பாய், உன் உத்தியோகத்துக்கு அது தகும். உன் போலீஸ் விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டு உன் மேலதிகாரி சிரித்ததாகவும், உங்கள் ஊரில் யாரோ ஒருவர் உங்களை மிகவும் கூர்ந்து கவனித்திருக்கிறார் என்று சொன்னதாகவும், அது யார் என்றும் கேட்டாய். அந்த நேரத்தில் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அந்த யாரோ ஒருவர் எங்கள் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். நீ பயிற்சியில் இருந்தபோது, புரட்டாசி முடிந்து கல்யாணப் பேச்சுகள் ஆரம்பிக்கிற ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலை, இரண்டு பேர் பைக்கில் நம் தெருவுக்கு வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, வெள்ளை வேட்டி. ஒருவர் பெயர் ஜோமோன், போலீஸ்காரர், உன் நடத்தையை விசாரிக்க வந்தவர். கூட வந்தவர் வண்டி ஓட்ட வந்தவர். அப்படி வருபவர்கள் யூனிபாரத்தில் வருவதில்லை, என்ன காரியம் என்று சொல்வதும் இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வீடாக நின்று செல்வப்பிரியாவின் சுபாவம் எப்படி, குடும்பம் எப்படி, கேஸ் வழக்கு ஏதாவது உண்டா, யாரோடு சேர்க்கை, கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு விசாரிப்பவர்களும் இதையேதான் கேட்பார்கள், அதற்குமேல் ஜாதகம் மட்டும் கேட்பார்கள். தமிழ் பேசும் நம் தெருவில் பெண் விசாரிக்க வந்த ஆள் மலையாளியாக இருக்கிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று நீ கேட்கலாம். தோன்றியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் புரோக்கர்கள் எல்லாப் பாஷையும் பேசுவார்கள் என்று முடிவு செய்துகொண்டார்கள். நான் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொல்லங்கோட்டுக்குப் போயிருந்தாள்.

நம் தெருவைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் அவளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எதிர்வீட்டு அப்புசாமி சேர் போட்டு உட்கார வைத்து, “அந்தப் புள்ளைங்களா? வாயே தொறக்காதுங்க. நாலு வார்த்தை சேந்தாப்புல பேசி நாங்க கேட்டதே இல்லீங்க” என்றிருக்கிறார். நீ அவரிடம் ரேஷன் கடை எடைத்தராசு பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டதை அவர் மறந்திருக்க முடியாது. அவர் மனைவி, “இருட்டுனா பயமுங்க, மாடு கன்னு போடறதப் பாத்தே மயங்கி உளுந்துருச்சுங்க” என்று சேர்த்திருக்கிறார். மாவு மில்லில், “வெகுளிங்க, யாரு என்ன சொன்னாலும் நம்பிக்குமுங்க” என்றார்களாம். கேஸ் ஏதாவது உண்டா என்றதற்கு, “ஸ்டேசன் எந்தப் பக்கம் இருக்குதுன்னே அதுக்குத் தெரியாதுங்க” என்று தெரு முழுவதும் ஒரே குரலில் சாதித்திருக்கிறது. ஜோமோன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போதைப்பொருள் கடத்துபவர்களைத் தேடிப் பிடிக்க மத்திய அரசு தேர்ந்தெடுத்திருக்கும் புலனாய்வு அதிகாரி இருட்டுக்குப் பயந்தவள், கன்றுக்குட்டியைக் கண்டு மயங்குபவள், யார் எது சொன்னாலும் நம்புபவள் என்பது மதியத்துக்குள் பதிவாகிவிட்டது.

கடைசி வீடு உன் மருதாத்தாள் அத்தை வீடு. என் அக்காவுக்கு உன்னைத் தன் மகன் நவீன்குமாருக்குக் கட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதுவரை போகவில்லை, வேறு இடம் அமைந்துவிடக் கூடாது என்பதில் அவள் மிகுந்த அக்கறை உள்ளவள். உன் பெயரைக் கேட்டதும் அவள் சொன்னது ஒரே வரி. “அந்தப் புள்ள கஞ்சா கேசுல கோர்ட்டுக்குப் போன புள்ளைங்க, யோசிச்சுச் செய்யுங்க.”

கண்ணு, நீ படித்துப் படித்து எழுதிய பரீட்சை, ஓடிக் காட்டிய ஓட்டம், பயிற்சியில் உரிந்த முழங்கால், எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு மறுநாள்தான் தெரியும். ஜோமோன் மறுபடி வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சேட்டா, ஒண்ணு கேக்கட்டே, இந்தத் தெருவில ரெண்டு செல்வப்பிரியா உண்டோ?” என்று கேட்டார். பிறகு தான் யார் என்று சொல்லி விஷயத்தைச் சொன்னார். நீ எந்தக் கேஸிலும் சம்பந்தப்பட்டதில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாய், ஒரு அம்மா கஞ்சா கேஸ் என்கிறார், மற்றவர்கள் எல்லோரும் எதையோ மூடி மறைக்கிறார்கள், இதை இப்படியே மேலே அனுப்பினால் உன் வேலை போய்விடும் என்றார். நான் உண்மையைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “அச்சன் சொன்னா அது பாசம். வேற ஆள் சொல்லணும், அதும் உங்களுக்கு வேண்டாத ஆள் சொன்னா நல்லது” என்றார். அப்படிப்பட்ட ஆளுக்கு நம் குடும்பத்தில் பஞ்சம் இல்லை. நேராக அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

வழியில் யோசித்தேன். இவர் போலீஸ், இது உன் வேலைக்காக என்று அக்காவிடம் சொல்லிவிட்டால் ரத்த பாசம் பொங்கி அவளும் உன்னை வாய் பேசாத பெண்ணாக்கிவிடுவாள். அதனால் ஒன்றும் சொல்லாமல் வாசலருகே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “தம்பி அங்கயே நிக்கட்டும், எனக்கென்ன பயமா, உள்ளதத்தான சொல்றேன். கேளுங்க சாமி. என்ற மாம்பழம் கட்டற பாக்கிங் செட்ட ஒரு வெளியூரு மகராசன் வாடகைக்கு எடுத்தானுங்க. சீசன் முடிஞ்சு ஆவணி மாசம் மாம்பெட்டி லாரில ஏத்தறான். ஊரே பாத்துட்டுத்தான் போச்சு. ஒருத்தராச்சும் கேட்டமா? ஒருத்தன் பொழப்புல நாம எதுக்குங்க தலையிடோணும்? இவ ஸ்கூட்டர நிறுத்தி, என்ன மாம்பழம்ங்கண்ணான்னு கேக்கறா. பங்கனப்பள்ளின்னான். அதோட உட்டுட்டு வரோணுமில்ல? யாரு தோட்டம்னு கேக்கறா. அவன் பாவம் ஊருக்குப் புதுசு, வாயில வந்தாப்புல சென்னிமலைத் தோட்டம்னுட்டான். இதா நிக்கறானே, இவ அப்பன், இவன் தோட்டமுங்க! மூஞ்சில ஒண்ணுமே காட்டாம சரீங்கண்ணான்னுட்டு வந்துட்டா. பெத்தவங்ககிட்டயாச்சும் மூச்சு உட்டாளா? லாரி நம்பர மனசுலயே வெச்சுட்டு வந்து எக்சைசுக்கு போனப் போட்டுட்டா. எல்லை தாண்டறதுக்குள்ள புடிச்சுப் போட்டாங்க. மேல வைக்கோலு, அடியில பூரா கஞ்சா!” என்றாள்.

ஜோமோன் பேனாவை நிறுத்தி, அப்படியானால் கேஸ் அந்தப் பெண் மேல் இல்லையா என்று கேட்டார். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவ மேல எப்புடீங்க இருக்கும்? அவதான சாட்சி! வக்கீலு திருப்பித் திருப்பிக் கேட்டாரு, ஒரு எழுத்து மாத்திச் சொல்லோணுமே, நெஞ்சழுத்தம். செட்ட வாடகைக்கு எடுத்தவன் ஆளு உட்டு, புது ஸ்கூட்டர் வாங்கித் தாரேன், சொன்னத மாத்திச் சொல்லுன்னான். மூஞ்சில அடிச்சாப்புல வேண்டாம்னுட்டா. குடுக்கறத வாங்கத் தெரியாதவ நாளைக்குச் சீரு வாங்குவாளா? சொந்தம்னாச்சும் பாத்தாளா? செட்டு என்றதுன்னு என்னையே ஸ்டேசனுக்கு வர வெச்சா, சொந்த அத்தைய!” பயம் உண்டா என்று ஜோமோன் மெதுவாகக் கேட்டார். “அவளக் கண்டுதானுங்க மத்தவங்க பயப்படோணும். இத்தனையும் கேட்டுட்டு நீங்க இவளக் கட்டறதுன்னா அது உங்க தலையெழுத்து” என்றாள். அவர் எல்லாவற்றையும் படித்துக் காட்டி, “அம்மா, இதில ஒரு ஒப்பு வேணும்” என்று கையெழுத்துக் கேட்டார். கல்யாணத்தைக் கலைக்கக் கையெழுத்துக் கேட்ட புரோக்கரை அவள் அதுவரை பார்த்ததில்லை, இருந்தாலும் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் ஜோமோன் என்னிடம், கோர்ட்டு பேப்பரை எடுத்து இதோடு வைத்துவிடுவேன், இனி ஒன்றும் பயப்பட வேண்டாம் என்று சொல்லி என் கையைக் குலுக்கினார்.

அதற்குப் பிறகும் பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. போன வாரம் நீ போனில் “அப்பா, உறுதி பண்ணிட்டாங்க” என்று சொன்னபோது நான் மருந்து டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன். அந்த லாரியைப் பிடித்த பிறகு ஒரு வருடம் இந்தத் தெருவில் பாதிப் பேர் உன்னோடு பேசவில்லை, ஊர்ப் பிழைப்பைக் கெடுத்தவள் என்றார்கள். போன சனிக்கிழமை அதே வாசல்களில் மைசூர்பாகை நீட்டி, எங்கள் மகள் மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி என்று நீ போனில் அனுமதி கொடுத்த பிறகு சத்தமாகவே சொன்னேன். அப்புசாமி இரண்டு துண்டு எடுத்து, “நாந்தான் அன்னிக்கே சொன்னேனுங்களே” என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அக்காவிடம் அம்மா எல்லாவற்றையும் விளக்கினாள். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு முழுவதும் மென்று முடித்தாள். பிறகு, “அப்ப நான் சொன்னதுனாலதான் வேலையே கெடச்சுது” என்றாள். யோசித்துப் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்று மாலையே கொல்லங்கோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தச் செய்தி போய்விட்டது.

சில விஷயங்கள் உனக்குச் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் தயாராக வைத்திருப்பார்கள், நீ அன்று கேட்ட மாதிரி இரண்டாவது கேள்வியைக் கேள். மரியாதையில்லை என்பார்கள், பரவாயில்லை. ஆனால் லாரி ஓட்டுபவன் எல்லாம் குற்றவாளி என்று நினைத்துவிடாதே. வாளையார் செக்போஸ்ட்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் டிரைவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வண்டியில் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. சோதனைக்குப் போகும்போது தனியாகப் போகாதே, முன்னால் நிற்பதற்கு வேறு ஆள் இருந்தால் பின்னால் நிற்பதில் அவமானம் ஒன்றுமில்லை. இதை நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், அம்மா எழுதச் சொன்னாள். போட்டோ எதையும் போனில் போடாதே. அங்கே மீன் இல்லாமல் சாப்பாடு கிடைக்கவில்லை என்றாயே, ரசப்பொடியும் பருப்புப்பொடியும் பார்சலில் வருகிறது. மாங்காய் இந்த வருடம் முன்னாலேயே பூத்துப் பிஞ்சு பிடித்திருக்கிறது, மழை கெடுக்காமல் இருந்தால் உனக்கு முதல் பெட்டி.

இன்னொரு செய்தி. நவீன்குமாரும் சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இன்னும் பரீட்சைத் தேதிகூட வரவில்லை. ஆனாலும் அக்கா வீடு வீடாகப் போய், இனிமேல் விசாரிக்க வருகிறவர்களிடம் வெகுளி, சாது என்றெல்லாம் சொல்லி என் பையன் வேலையைக் கெடுத்துவிடாதீர்கள், தைரியமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை இஸ்திரி சட்டையில் இரண்டு பேர் வந்தார்கள், தெரு தயாராக இருந்தது. “ராத்திரி வண்டிய எடுத்துட்டுப் போனா விடியறப்பத்தானுங்க வருவான், எங்க போறான்னு பெத்தவளுக்கே தெரியாதுங்க, போலீஸ்னா துளி பயமில்லீங்க” என்று அப்புசாமியே தொடங்கிவைத்தார். மாவு மில்லில், ஒருத்தருக்கும் அடங்க மாட்டான் என்று உறுதி கூறினார்கள். வந்தவர்கள் உடுமலைப்பேட்டைக்காரர்கள்.

நீ நீடூழி வாழ வேண்டும், நீ தொடும் காரியம் எல்லாம் நேராக முடிய வேண்டும், நீ போகிற இடத்திலெல்லாம் உனக்கு முன்னால் மாரியம்மன் போக வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு, உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும் அப்பா,
மு. சென்னிமலை.

பி.கு.: நவீன்குமாரின் ஜாதகத்தை உடுமலைப்பேட்டைக்காரர்கள் இன்று கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.