நீ போகாத வேலை

அம்மா, நேற்று புக்கிட் பெருவாங்கில் ஒரு கடை வாசலில் காக்கிச் சட்டை போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றாள். கஞ்சி போட்ட அந்தச் சட்டையின் வாடை பட்டதும் உன் ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

ஜாசின் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில், வரிசை வீடுகளான நம் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த, வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் சோதனை போட்டார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமென்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி உன்னைக் கேட்டார். மாதச் சம்பளம், தனி வீடு. அப்பா செத்ததும், வீடு ஆம்பளை பேருக்குத்தான் என்று நம் அறையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வீட்டு அடுப்படியில்தான் நாம் படுத்துக் கிடந்தோம். நீ சரியென்று சொல்லிவிட்டு வந்து, அன்று வெகுநேரம் என் தலையைச் சீவிக்கொண்டிருந்தாய்.

பெரியப்பா சத்தம் போடவில்லை. "போலீஸ்காரன் பக்கத்துல நிக்கிற பொம்பளைக்கு இங்க எடம் இல்ல. நாளைக்கு ஒம் மவள எவன் கட்டுவான்?" என்றார்.

"பொம்பளைய பொம்பளை தொட்டுப் பாக்குறதுல என்னா கேவலம்?" என்று நீ கேட்டாய்.

அவர் நேரே ஆபீசுக்குப் போய், உனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கிராணியும் உன்னைத் திரும்பக் கேட்கவில்லை.

பெம்பானிலிருந்து ஒரு சீனப் பெண், கஞ்சி போட்ட காக்கிச் சட்டையோடு அந்த வேலைக்கு வந்தாள். காலையில் அவள் கையைத் தூக்கச் சொல்வாள், நீ தூக்குவாய். கொஞ்ச நாளில் நானும் உன் பின்னால் தூக்கினேன். இரண்டு பேருக்குச் சோறு போட முடியாதென்று பெரியப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பால்வாளியைக் கொடுத்திருந்தார். என்னோடு படித்த அவர் மகன் படிப்பை விடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவன் எதிரே வரும்போது, பால் பிசுக்குப் படிந்த கையைப் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன்.

கட்டுவதற்கு ஆள் வந்தான், அம்மா. அவனும் மரம் வெட்டுகிறவன்தான்.

இன்றைக்கும் கிளினிக்கில் நிரப்பச் சொல்லிப் பாரத்தை நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டேன்லா, நீயே எழுதும்மா" என்கிறேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. எனக்கு எழுத வராதென்று பேத்திக்குக்கூடத் தெரியாது. கை நடுங்குகிறது என்று சொல்லித்தான் இந்தக் கடிதத்துக்கு அவளை உட்கார வைத்தேன். இப்போது பேனாவை நிறுத்திவிட்டு, இதையும் எழுதட்டுமா என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, அம்மா. எழுது என்றேன்.