எந்தக் கால்

ஜூலை 8, செவ்வாய்

பெங்களூர் ரயில்ல தெனமும் வேலைக்குப் போற எங்க செட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கு. கேஜிஎஃப்ல ஏறி உக்காந்தவங்க பாதி வழியில மாலூர் வந்ததும் எழுந்து, நின்னுக்கிட்டு வந்தவங்களுக்கு எடம் குடுக்கணும். ரொம்ப நேரம் நின்னா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கண்ணு இருட்டும். ஹார்ட் வால்வுல கோளாறு. சொல்லிப் பார்த்தேன். "ஆளு நல்லாத்தானே கீற, உனக்கு இன்னா நோவு?"ன்னு சிரிச்சாங்க.

அதனால மூணு மாசமா இடது காலை இழுத்து நொண்டுறேன். அப்புறம் ஒருத்தரும் என்னை எழுப்பல. கேஜிஎஃப்ல ஸ்கெலட்டன் ஏரியாவுல இருந்து வர்ற கமலாக்கா, அம்பது வயசுக்கு மேல, மாலூர் வரைக்கும் நின்னு வந்தாலும் என் எடத்தைக் கேக்காம, என் முறைக்கும் சேர்த்து அவங்களே நின்னுடுவாங்க.

இன்னிக்கு அக்கா எனக்காக வீட்ல காய்ச்சின எண்ணெய் கொண்டுவந்தாங்க. பாட்டிலைத் தொறந்துக்கிட்டே, "எந்தக் கால்மா?"ன்னாங்க. ஏதோ நெனப்புல வலது முட்டியைக் காட்டிட்டேன்.

அக்கா என் மூஞ்சைப் பார்த்தாங்க. பாட்டிலை மூடி என் கையில வெச்சாங்க.

"ரெண்டுக்கும் தடவிக்கோ."

மாலூர்ல எழுந்திருக்கப் போனேன். தோளை அழுத்தி உக்கார வெச்சுட்டு அவங்களே நின்னாங்க. நெஞ்சு விஷயத்தை அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஆனா அது ரெண்டாவது பொய் மாதிரிதான் கேட்டிருக்கும்.

இப்ப ரெண்டு முட்டியிலயும் எண்ணெய் தடவிட்டு உக்காந்திருக்கேன். நாளைக்கு எந்தக் காலால ரயில் ஏறுறது?