மதர்போர்டு பிழைச்சுக்கிச்சு

கோபக்காரிக்கு,

ஓடுது! சாப்பாட்டு மேசை மேல அந்த ராட்சச மதர்போர்டு ஜம்முனு ஓடுது! நீ அசந்து தூங்கிட்டிருக்கே, எழுப்ப மனசு வரலை. இல்லேன்னா உன்னைத் தூக்கிச் சுத்தியிருப்பேன்.

திரை இருட்டாவே கிடந்ததே, அது போர்டோட தப்பே இல்லை. விலை உயர்ந்த சாமானாச்சேன்னு நான்தான் ரேமை, அதான் அந்த மெமரிப் பட்டையை, பூ மாதிரி வச்சிருக்கேன், அது முழுசா உள்ளே போகவே இல்லை. நேத்து நீ "இதுக்கா இவ்வளவு பயம்?"னு கட்டைவிரலால அழுத்தினதும் 'டக்'னு கேட்டுச்சே, உடைச்சிட்டியேன்னு நான் கத்தினேனே, அப்பதான் அது சரியா உட்கார்ந்திருக்கு!

டெஸ்ட் ஓடிட்டிருக்கு. டேபிள் ஃபேனை உன் பக்கம் திருப்பிடாதே, போர்டு சூடாயிடும். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். இன்னிக்கு மட்டும் மடியில வச்சுச் சாப்பிட்டுக்கோ.

"செத்த போர்டு"ன்னு பத்திரிகைக்கு எழுதியிருந்த விமர்சனத்தைக் கிழிச்சுட்டு, புதுசா எழுதி எடுத்துக்கிட்டு ஆபீஸ் போறேன். கடைசி வரி இதுதான்: "ரேமை அழுத்தக் கை நடுங்கினால், உங்கள் மேல் கோபமாக இருக்கும் மனைவியைக் கூப்பிடுங்கள்."

எடிட்டர் வெட்டிடுவார். அதான் முதல்ல உனக்கு.

பி.கு: சாயங்காலம் இன்னும் ரெண்டு ரேம் கொண்டு வரேன். அதுவரைக்கும் கோபத்தைக் கொஞ்சம் மிச்சம் வச்சிரு.