பஞ்சால் துடைத்த நாடிகள்

இன்று காலை அலவத்துகொட இறைச்சிக் கடையில் ஆட்டின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. வேறு யாருக்காவது சிநேகிதியின் நினைவு இப்படியொரு வாடையில் வருமா? நாம் ஆய்வுக்கு வழக்கமாக வாங்கும் குடல் நாடிகளை, அந்த ரத்தக் குழாய்களை, பையில் போட்டுக்கொண்டே கடைக்கார நானா கேட்டார், "அந்த யாழ்ப்பாண மிஸ் எங்க? கன நாளா காணல்லயே." நீ இறந்து எட்டு மாதம் என்றேன். கத்தியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

நம் ஆய்வுகூடத்தில் இருவருக்கும் ஒரே மேசை. நாடியை மோதிரம் மோதிரமாக நறுக்கி, இளஞ்சூடான உப்புக் கரைசலில் கம்பியில் மாட்டுவோம். மருந்து விட்டதும் அதன் தசைக் கலங்கள், அந்த நுண்ணிய உயிரணுக்கள், இறுகும். இறுகும்போதே உட்சுவரை மூடியிருக்கும் கலங்களுக்குச் செய்தி போகும். அவை 'போதும், தளர்ந்துகொள்' என்று பதில் அனுப்பும். அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்பதுதான் நம் வேலை.

என் ஆய்வு ஒரு மூலிகைச் சாற்றைப் பற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க, சாறு விடாத மோதிரங்களை நீ தயாரித்தாய், அவை தளர்ந்தன. சாறு விட்ட மோதிரங்கள் என்னுடையவை. அவை தளரவே இல்லை. அந்தப் பதிலை அடக்கும் மூலிகை கிடைத்துவிட்டதென்று தலைகால் புரியாமல் ஆடினேன். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். நீ மட்டும் ஒருநாள் கதிரையை இழுத்துப்போட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"உள்ளுக்குப் பஞ்சு விட்டுத் துடைக்கிறீரோ?"

"ஆமா, ரத்தம் போக வேணாமா?" வீட்டில் குடல் கழுவிப் பழகிய கை என்னுடையது.

"ரத்தத்தோட பதில் சொல்லுற கலங்களையும் துடைச்சுப்போட்டீர். மூலிகையில ஒண்டுமில்லை."

ஒரு வருட உழைப்பு. உனக்குப் பொறாமை என்று உன் முகத்துக்கு நேரேயே சொன்னேன். வெட்கம்கெட்ட வார்த்தை அது. நீ கோபப்படவில்லை. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீராத்தான் சொல்ல வேணும்" என்றாய். மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்துவிட்டு, பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். வெளியே வந்தபோது நீ மோதிரங்களை நறுக்கத் தொடங்கியிருந்தாய். உன் சொந்த ஆய்வை நான்கு மாதம் மூடிவைத்து எனக்காக உழைத்தாய். உன்னைப் போல் நேர்மையான ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வாரம், அச்சான என் பழைய கட்டுரை ஒன்றில் பிழை கண்டேன். வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது. அதை மீளப்பெறும்படி சஞ்சிகையின் ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தமுறை மூன்று நாள் எடுக்கவில்லை.