மாரிச்சாமி அண்ணனின் காலில் குற்றமில்லை

என் அன்பு அத்தா,

உங்கள் மேல் சலாம். நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் வருவது நம் தெருவில் வழக்கமில்லை, அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா சுகம்தான், முட்டிவலி மட்டும் விடவில்லை. உங்கள் லோடு வண்டியை இப்போது நான்தான் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று பேர், பாதி நாள் அதன் பின்னால் அலைகிறேன். எப்படி அத்தா இத்தனை வருசம் சலிக்காமல் இருந்தீர்கள்?

தீபாவளி சீசன் நேரம் பார்த்து வண்டி படுத்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ஆமத்தூர் தாண்டி ஒரு மேட்டில் ஏற முடியாமல் நடு ரோட்டில் நின்றிருக்கிறது. ஏழாயிரம்பண்ணையில் அதைவிடக் கேவலம். லோடு ஏற்றப் போன கம்பெனி கேட்டிலேயே வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். கருகல் வாடையோடு வரும் வண்டியை எந்தப் பட்டாசுக் கம்பெனி உள்ளே விடும்?

கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று வண்டி ஓட்டும் மாரிச்சாமி அண்ணனே வந்து சொன்னார். வெயில் தொடங்கும்போதுதான் புதுசு போட்டோம். அதற்குள் ஏன் போனது என்று யாரும் யோசிக்கவில்லை. பட்டாசு லோடு ஓட்டுகிறவர்கள் வண்டி குலுங்கக் கூடாதென்று கிளட்சில் பாதிக் கால் வைத்தே உருட்டுவார்கள், அதில் பிளேட் தேயும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நீங்களும் அப்படித்தானே ஓட்டினீர்கள்? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதானே அவரும் பழகினார்?

மாமாவுக்குக் கேட்கவா வேண்டும். வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டார்.

"அவன் கால் கிளட்சுல இருக்குற மட்டும் நீ பிளேட்டு வாங்கி மாட்டிக்கிட்டேதேன் இருக்கணும். ஆளை மாத்து. இல்லாட்டி வண்டியை வித்துத் தள்ளிவிடு."

மாரிச்சாமி அண்ணன் அங்கேயே நின்றிருந்தார். சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாமா சொல்றது சரிதேன் தங்கச்சி. வேற ஆளைப் பாத்துக்கோங்க. நான் பழைய வேலைக்கே போயிக்கிறேன்."

பழைய வேலை என்றால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குற ரூம், ஒரு உரசலில் வெடித்துவிடும் இடம். அந்த ரூமிலிருந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வண்டியில் ஏற்றியது நீங்கள். எனக்கு அன்றைக்கு யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. வண்டியைக் கயிறு கட்டிச் செல்வம் பட்டறைக்கு இழுத்துப் போகச் சொன்னேன்.

நம் மெக்கானிக் செல்வத்தைத் தெரியுமல்லவா, பேச்சு ஓயாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூணாவது கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். கிளட்ச் நன்றாக இருந்தால் இஞ்சின் திணறி நின்றுவிட வேண்டுமாம். நிற்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது. "பாத்தீகளா, பிளேட்டு சுத்தமா தேஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டே கியர்பாக்ஸை இறக்கினார்.

பிளேட்டை வெளியே எடுத்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது.

"இங்கன வாங்க, தங்கச்சி. இதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். விரலெல்லாம் கறுப்பு ஆயில். பிளேட் தேயவே இல்லை, கனம் அப்படியே இருந்தது. இஞ்சின் பக்கத்து ஆயில் சீல் வெடித்து, உள்ளே கசிந்து, பிளேட் ஊறிப்போயிருக்கிறது. ஊறியதால் வழுக்கியிருக்கிறது, வழுக்கியதால் சூடேறிக் கருகியிருக்கிறது.

"அப்ப ஓட்டுனவர் கால்?" என்று கேட்டேன்.

"கால் என்ன செய்யும்? போன பிளேட்டும் இதுலதேன் போயிருக்கும். லோடு வண்டிதானே, தேயத்தேன் செய்யும்னு சீலைப் பாக்காம மூடிட்டேன்."

சீல், பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் மாற்றச் சொல்லிவிட்டு வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். மாரிச்சாமி அண்ணன் வீட்டில் இல்லை. "காலையிலயே கம்பெனி வேன்ல போயிட்டாக" என்றார் அவர் மனைவி. காப்பி மட்டும் கொண்டுவந்து வைத்தார். வேன் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயமாக இருந்தது அத்தா. எந்தப் பக்கமிருந்தாவது வெடிச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாய வேன் வந்தது. இறங்கியவருக்குப் புருவம் வரை மருந்து ரூமின் வெள்ளிப் பொடி.

"நீங்க எதுக்கு இங்கன வந்தீக?" என்று பதறினார்.

சீல் கசிந்ததையும், ஆயிலையும், செல்வம் சொன்னதையும் சொன்னேன். அவர் தன் இடது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானே நம்பிட்டேனே, தங்கச்சி" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொடி கண்ணில் விழுந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் பட்டறைக்கு வந்துவிட்டார். செல்வம் ஸ்டியரிங்கில் அவரையே உட்காரச் சொன்னார். ஹேண்ட்பிரேக், மூணாவது கியர். காலை எடுத்ததும் வண்டி ஒரு உதறு உதறி அடங்கியது. இஞ்சின் நின்றதற்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

மாமா இன்னும் வண்டியை விற்கத்தான் சொல்கிறார். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, பொய் சொல்ல மாட்டேன். அது இரும்பு, என்றைக்காவது போகும். ஆனால் மாரிச்சாமி அண்ணனுக்கு இன்னொரு ஸ்டியரிங் கிடைக்கும் முன்னால் இந்த வண்டியை விற்க மாட்டேன் அத்தா. எவ்வளவு அலுத்தாலும் அவரை அந்த ரூமுக்குத் திரும்ப விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகளும்
மாரிச்சாமி அண்ணனுக்குத் தங்கச்சியுமான
ஜமீலா